சாம்பல் பசுவுக்குப் போட்ட கள்ளத் தீனி

என் சித்தப்பா மகளை எங்கள் சொந்தத்தில் எல்லோரும் வாளி என்றுதான் கூப்பிடுவோம். மாட்டு ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு வேலை. மேய்கிற மாட்டின் பின்னால் வாளியோடு போய், வாலுக்குக் கீழே விரலால் மெல்லத் தடவினால் மாடு மூத்திரம் பெய்யும். பிடித்த கையோடு, அதிலுள்ள சத்து ஆவியாகிப் பறந்துவிடாமல் கொஞ்சம் அமிலம் விட்டு மூடவேண்டும்.

"கல்யாண வீட்ல யாராவது கேட்டா என்ன வேலைன்னு சொல்லுவே?" என்று அவள் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, அவளைச் சீண்டுவார்.

"தண்ணி பிடிக்கிற வேலைன்னு சொல்லுவேன். பொய்யா?"

மாடு தின்ற புல்லில் நைட்ரஜன் இருக்கிறதாம். அதில் எவ்வளவு பாலுக்குப் போகிறது, எவ்வளவு மூத்திரத்தில் வீணாகிறது என்று அளப்பார்கள். ரொம்ப வீணாக்கும் மாட்டைக் கழித்து அடிமாடாக விற்றுவிடுவார்கள்.

கன்று செத்து இளைத்துப்போன சாம்பல் பசு ஒன்று அங்கே நின்றது. வாளிக்கு மனசு கேட்கவில்லை. காலையும் மாலையும் சட்டைப்பை நிறையப் புண்ணாக்கு கொண்டுபோய் ஊட்டினாள். புண்ணாக்கிலும் நைட்ரஜன் உண்டு, உடம்பு ஏற்காத மிச்சமெல்லாம் மூத்திரத்தில்தான் இறங்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மந்தையிலயே இதுதான் ஊதாரி. வெள்ளிக்கிழமை லாரி வருது, ஏத்திவிடுங்க" என்றார் ஆராய்ச்சிக்காரம்மா.

தான் போட்ட புண்ணாக்குதான் காரணம் என்று வாளிக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் வந்து சொன்னாள்.

"வாய மூடிட்டு இரு. மாட்டுக்காக உன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுக்காதே" என்றார் மாப்பிள்ளை.

"அது சோத்துல நான் போட்டுட்டேனேங்க."

மறுநாள் காலையில் நேரே போய் நின்றாள். "மேடம், மாடு மேல தப்பில்ல. நான்தான் புண்ணாக்கு போட்டேன்."

"எத்தன மாச வேலை பாழாப்போச்சு தெரியுமா?"

"போடுறப்ப தெரியல மேடம். இப்பதான் தெரியுது."

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். ஆனால் அந்தப் பசு வேறு யார் கை பட்டாலும் ஒரு சொட்டு பெய்யாது. லாரியை நிறுத்தி, வெறும் புல்லில் விட்டு மறுபடி அளக்கச் சொன்னார் ஆராய்ச்சிக்காரம்மா. தினமும் வாளியின் சட்டைப்பையை உதறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். பசு காலிப் பையில் மூக்கை விட்டுத் துழாவும். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தும். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு தடவுவாள்.

கடைசியில் அளவு அப்படி ஒன்றும் மோசமில்லை என்று வந்தது. பசு மந்தையிலேயே தங்கியது. ஆனால் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறதாம்.

"கோச்சுக்கட்டும்" என்றாள் என்னிடம். "கோச்சுக்க உசுரோட இருக்குல்ல!"