மேனேஜர் செய்த நீட்ஃபுல்

1991-இல் பென்னலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் டைப்பிஸ்ட். இங்கிலீஷ் டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள் அங்கே நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. லீவோ ஷிப்ட் மாற்றமோ, யாருக்கு லெட்டர் வேண்டுமென்றாலும் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்குத்தான் வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி முடிப்பேன்: 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.' தமிழ் மனுவில் 'ஆவன செய்யுமாறு' என்று போடுவோமே, அதேதான். அந்த வரி இல்லாவிட்டால் அது லெட்டரே இல்லை என்பது என் கட்சி.

ஒருநாள் பேக்கிங் செக்‌ஷனில் வேலை செய்த அக்கா ஒருத்தி வந்தாள். கைக்குழந்தைக்காரி. அவளுக்கும் புருஷனுக்கும் ஒரே நேரத்தில் செகண்ட் ஷிப்ட் விழுந்திருந்தது.

"சாயங்காலத்துல கொயந்தய பாத்துக்க வூட்ல ஆளு இல்லம்மா. எனக்கு ஃபஸ்ட் ஷிப்ட் குடுக்கணும்னு எய்து."

"அப்படிப் பட்டுனு எழுதக் கூடாதுக்கா. கஷ்டத்தைச் சொல்லுவோம். என்ன செய்யணும்னு மேனேஜருக்குத் தெரியாதா?"

பெரியவர்களிடம் இன்னது வேண்டும் என்று நேராகக் கேட்பது மரியாதை இல்லை என்றுதான் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். குழந்தை, வீடு, சாயங்காலம் எல்லாவற்றையும் உருக்கமாக அடித்தேன். கடைசியில் வழக்கமான வரி. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

மேனேஜர் ஆவன செய்துவிட்டார். 'குழந்தையைக் கவனிக்க வசதியாக வேலையிலிருந்து விடுவிக்கலாம்' என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார். மறுநாள் வாட்ச்மேன் அவளை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்.

செய்தி கேட்டு ஓடினேன். அவள் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றிருந்தாள். "நான் வேலய வுட்டுடறேன்னா சொன்னேன்?" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் சொன்னதை அப்படியே அடித்திருந்தால் இந்த வினையே இல்லை.

திரும்பி வந்து இரண்டே வரி அடித்தேன். 'எனக்கு வேலை வேண்டும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வேண்டும்.' கேட்டில் அவளிடம் கையெழுத்து வாங்கி, நானே கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது, ஆர்டர் போடற மாதிரி இருக்கு?"

"அவங்க முதல்லயே கேட்டது இதுதான் சார். எழுதாம விட்டது நான்."

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அவள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்தாள். அன்றோடு என் லெட்டர்களில் நீட்ஃபுல் ஒழிந்தது.

சில மாதம் கழித்து ஒரு லீவு லெட்டருக்காக மறுபடி வந்தாள். அடித்து நீட்டினேன். அவள் பேனாவைத் தொடவில்லை.

"தமிழ்ல படிச்சுக் காட்டு. நான் கேட்டது அதுல கீதான்னு பாக்கணும்."

படித்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.