அழகி கேட்ட கேள்வி

புதுக்கோட்டை சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்த வருஷம் மரியசெல்வத்துக்கு முதல் பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு உயிரில்லை. அவளுக்கு அப்போது பதினேழு வயது. ஆவூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இரண்டு நாள் வலியில் துடித்தவளை மூன்றாம் நாள்தான் மாட்டுவண்டியில் போட்டுப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். புருஷன் சவரியப்பன் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "ஆண்டவர் சித்தம்" என்றான். கல்நெஞ்சக்காரன் இல்லை அவன். அதைச் சொல்லிக்கொண்டதால்தான் அன்றைக்கு அவனால் ஒரு வாய் சோறு தின்ன முடிந்தது.

துணி மாற்ற வந்த நர்ஸ் வேறு மாதிரி சொன்னாள். "முந்தாநாளே கொண்டாந்திருந்தா பிள்ளை பொழச்சிருக்கும்."

திட்டுகிற குரலில்தான் சொன்னாள். ஆனாலும் மரியசெல்வம் அதையே பிடித்துக்கொண்டாள். ஆண்டவர் செய்தது என்றால் அழுவதைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. மனுஷர் விட்ட பிழை என்றால் இன்னொருத்திக்கு அது நடக்காமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

அவளுக்கு இனிமேல் பிள்ளை தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சவரியப்பன் அடுத்த வருஷம் இலங்கைக்குத் தோட்ட வேலைக்குப் போனான். நாலைந்து கடிதம் வந்தது. பிறகு அதுவும் இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பாவாடை கட்டிய பெண்பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினாள். கணக்கில் தோற்றாள். "ஒனக்குப் படிப்பு எழுதலை" என்றார் அப்பா. "எழுதலைன்னா நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தாள். பாஸானாள். ஒன்றரை வருஷம் மிட்வைஃப் பயிற்சி எடுத்தாள். ஐம்பத்து மூன்றில் கந்தர்வக்கோட்டைக்கு மேற்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருந்த ஒரு ஊரில் பிரசவ நிலையத்துக்கு நர்சம்மாவாக வந்து சேர்ந்தாள். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஸ்டவ், கொதிக்கவைக்க ஒரு சட்டி. வருவார்தான் இல்லை.

முதல் மாதத்தில் ஒருநாள் விரலில் முள் ஏறி, முந்திரிக்கொட்டை பொறுக்குகிற அழகி வந்தாள். முள்ளை எடுத்துக்கொண்டே மரியசெல்வம் கேட்டாள்.

"எத்தனை பிள்ளைங்க?"

"மூணு பெத்தேன். மூணும் இல்லைங்க."

"எப்படிப் போச்சு?"

"எப்படின்னா? எந்தலையில எழுதுனது அம்புட்டுத்தான்."

"பொறந்து எத்தனாம் நாள்?"

"ஏழோ எட்டோ. மூணும் அப்படித்தான்."

"பால் குடிக்க வாய் தொறக்காம, ஒடம்பு வில்லாட்டம் வளைஞ்சுதா?"

அழகி நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொப்புள்கொடியை எதால அறுத்தீங்க?"

"கதிர் அறுக்கிற அருவாதான்."

"தலையெழுத்து இல்லை அழகி. அந்த அருவாவுல இருந்த அழுக்குதான்."

அழகி கையை இழுத்துக்கொண்டாள். "அப்ப நாந்தான் கொன்னேனா?" என்று கேட்டாள்.

"போனதை விடு. இனிமே ஒங்கையில இருக்கு. அதைப் பாரு" என்றாள் மரியசெல்வம். அவளுக்கு அந்த இனிமேல்தான் பெரிதாகத் தெரிந்தது. எதிரே இருந்தவளின் முகம் எப்படி இருந்தது என்று பிற்பாடு எவ்வளவோ நினைத்துப் பார்த்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் அழகிக்குப் பெண் பிறந்தது. கொதித்த கத்தரிக்கோலால் கொடியை வெட்டினாள் மரியசெல்வம். எட்டாம் நாள் அழகி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிள்ளையின் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடிவந்தாள். "குடிக்குதுங்க! நல்லா இழுத்துக் குடிக்குது!" சந்தனம் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கப்புறம் நர்சம்மாவுக்குப் பேச வேண்டிய வேலையே குறைந்துபோனது. அழகி பேசினாள். முந்திரிக் காட்டிலும் நடவு வயலிலும் வயிறு தள்ளிய பெண் எவளைப் பார்த்தாலும் கையைப் பிடித்து இழுத்து வருவாள். "தலையெழுத்துன்னு சொல்லாத. நானும் அப்படிச் சொல்லித்தான் மூணைப் புதைச்சேன்" என்பாள். வியாழக்கிழமை தோறும் நிலையத்து வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஐந்து வருஷத்தில் அங்கே ஒரு தாயும் சாகவில்லை.

ஐம்பத்தெட்டில் அழகி மறுபடியும் முழுகாமல் இருந்தாள். சொன்னதெல்லாம் செய்தாள். மாத்திரையைத் தேதி வைத்துத் தின்றாள், முருங்கைக்கீரை ஆக்கினாள், ஒரு வியாழக்கிழமைகூட விடவில்லை. வலி கண்டதும் தானே நடந்து வந்து கட்டிலில் படுத்தாள். காலை பத்து மணிக்கு ஆண் பிள்ளை சுகமாகப் பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது.

ரத்தம்தான் நிற்கவில்லை.

மரியசெல்வம் ஊசி போட்டாள். வயிற்றை அழுத்திப் பிடித்தாள். கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினாள். அழகியின் புருஷன் இருளாண்டி கார் கொண்டுவர சைக்கிளில் கந்தர்வக்கோட்டைக்குப் பறந்தான். பக்கத்தில் துணி எடுத்துக் கொடுக்க இரண்டு பெண்கள் நின்றார்கள். அழகியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.

"நர்சம்மா..."

"பேசாத."

"நான் என்ன தப்புப் பண்ணுனேன்?"

"பேசாத அழகி. தெம்பு போயிரும்."

"ஆடி மாசம் ரெண்டு நாளு வாந்தின்னு மாத்திரையை விட்டுட்டேன். அதுனாலயா?"

மரியசெல்வம் நாடியை எண்ணிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்புதான் அப்போது அவளுக்கு. கார் வந்தபோது பகல் ஒரு மணி. கொண்டுபோவதற்கு அழகி உயிரோடு இல்லை.

விசாரிக்க வந்த டாக்டரம்மா நோட்டைப் படித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்கே. சில பேருக்கு இப்படி ஆயிடும். நான் இருந்திருந்தாலும் இதான்" என்றார். கருமாதி முடிந்து இருளாண்டி வந்தான். கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான். "அவ விதி அதுங்க. நீங்க மனசை விட்டுறாதீங்க" என்றான்.

இரண்டு பேரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அவளால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. அழகி செத்தது தன் கையில் இல்லை என்றால், சந்தனம் பிழைத்ததும் தன் கையில் இல்லையா? இந்த ஐந்து வருஷமும் யார் செய்தது? அந்த யோசனையைவிடத் தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கலாம். நிறை மாதத்திலேயே புதுக்கோட்டைக்கு அனுப்பியிருக்கலாம். இப்படியே கட்டிலைக் கழுவினாள். இப்படியே சோறு பொங்கினாள்.

வியாழக்கிழமை வரிசை குறைந்தது. "அழகியே போயிட்டா. அவ செய்யாததையா நாம செஞ்சிரப் போறோம்?" என்றார்கள். அந்த மழைக்காலத்தில் மூன்று பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்தன. ஒன்று எட்டாம் நாள் வளைந்து செத்தது. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கே மரியசெல்வம் குடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினாள். "ஒங்கையிலதான் இருக்கு, வாங்க" என்று பழையபடி சொன்னாள். அது முழு உண்மை இல்லை என்று இப்போது அவளுக்குத் தெரியும். பாதி உன் கையில், பாதி இல்லை என்று சொன்னால் கூலி வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? முழுசாகவே சொன்னாள். சொல்லும்போது யார் கண்ணையும் பார்க்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

அழகியின் வீட்டுப் பக்கம் மட்டும் அவள் போவதைக் குறைத்துக்கொண்டாள். சின்னவனுக்கு அம்மை குத்தத் தூக்கிவந்த இருளாண்டியிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பிள்ளைகளை அவன்தான் வளர்த்தான். சந்தனம் ரொம்பக் கருத்தான பிள்ளை என்று ஊரே மெச்சியது. கையைக் கழுவாமல் தம்பிக்குச் சோறு ஊட்டமாட்டாள். அவன் தும்மினால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனுக்குக் காவல் இருப்பாள்.

அறுபத்தாறில் ஒருநாள் சாயங்காலம், கிணற்றடியில் இன்னொரு பிள்ளையிடம் சந்தனம் பேசிக்கொண்டிருந்தது மரியசெல்வத்தின் காதில் விழுந்தது.

"எங்காத்தா ரெண்டு நாளு மாத்திரை திங்காம விட்டுருச்சு. அதான் செத்துப்போச்சு."

அன்றைக்குத் துணி எடுத்துக் கொடுத்த பெண்களில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். மரியசெல்வம் கிட்டே போனாள்.

"இல்லடி ஆத்தா. ஒங்காத்தா எந்தத் தப்பும் பண்ணலை. அந்த மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

பன்னிரண்டு வயதுப் பெண் அவளை ஏறிட்டுப் பார்த்தது. கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"அப்ப நீங்க பண்ணுனீகளா?"

மரியசெல்வம், "யாரும் பண்ணலை. ரத்தம் நிக்கலை" என்றாள்.

"யாரும் ஒண்ணும் பண்ணாம எப்படிச் சாவாக?"

குடம் நிறைந்துவிட்டது. சந்தனம் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பி தனியாக இருப்பான் என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தது. எட்டு வருஷம் பிந்திச் சொன்ன பதில். கேட்ட அழகிக்கும் போய்ச் சேரவில்லை, அவள் பெற்ற பிள்ளைக்கும் போய்ச் சேரவில்லை.

அடுத்த வருஷம் மரியசெல்வத்தை அரிமளம் பக்கம் மாற்றினார்கள். பஸ் ஏற்றிவிட ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் வந்தார்கள். சந்தனம் வரவில்லை, தம்பிக்குக் காய்ச்சல் என்றார்கள். புது ஊரிலும் வேலை நன்றாகவே நடந்தது. கைராசிக்காரம்மா என்று யாராவது புகழ்ந்தால் அவள் மறுக்கவும் மாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த வியாழக்கிழமை மறக்காமல் வந்துவிடச் சொல்வாள்.