எர்த் போல்ட்டில் பூசிய சிவப்பு

தண்டையார்பேட்டையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் பாயைப் பற்றி நான் டீக்கடையில் சொன்னது தவறு. போன வருடம் என் காரின் உறை வெடித்துப்போன வயர்களை எல்லாம் எடுத்துவிட்டு அவர் புது வயர் போட்டுக் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் வண்டி நின்றுபோனது. மட்டமான வயரைப் போட்டு ஏமாற்றிவிட்டார் என்று பலர் முன்னால் சொன்னேன். தொழிற்சாலையில் மின்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் சொன்னால் ராயபுரத்தில் எடுபடும். எங்கள் தெருவில் வேன் வைத்திருக்கும் இருவர் அவரிடம் போவதை நிறுத்தினார்கள். அவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார்.

எழுபதுகளில் வந்த ஜெர்மன் கார் அது. கார்புரேட்டர் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் இஞ்செக்டர் உண்டு. கண் இமைக்கும் நேரத்தைப் பல துண்டுகளாக நறுக்கி, அதில் ஒரு துண்டு நேரம் மட்டும் அது திறந்து பெட்ரோலைத் தூவிவிட்டு மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று ஒரு தகரப் பெட்டி, காற்றின் அழுத்தத்தையும் இஞ்சினின் சூட்டையும் கேட்டறிந்து முடிவு செய்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் தட்டச்சு இயந்திரம் தட்டிக்கொண்டிருந்த காலத்தில் யாரோ உட்கார்ந்து இதை யோசித்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாயடைத்துப் போகும்.

தை மாதம் பானெட்டைத் திறந்தது பாயின் குற்றத்தை நிரூபிக்கத்தான். வயர் வயராகப் பின்தொடர்ந்தேன். எதிலும் குறையில்லை. இணைப்புகளை வழவழப்பாக ஈயத்தால் பற்றவைத்து, உறை போட்டு மூடியிருந்தார். குறை தேடப் போனவன் மெல்ல மெல்ல அந்த வேலையை ரசிக்க ஆரம்பித்திருந்தேன். ஆனாலும் விடவில்லை.

மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை இஞ்செக்டரில் வைத்து, கைப்பிடியில் காதை வைத்தேன். திறந்து மூடினால் டிக் டிக்கென்று கேட்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. இஞ்செக்டருக்கு வரும் வயரில் சோதனை விளக்கின் ஒரு முனையையும், பேட்டரியின் நெகட்டிவில் மறுமுனையையும் வைத்தேன். விளக்கு துடித்துத் துடித்து எரிந்தது. அப்படியானால் பெட்டி வேலை செய்கிறது. வரும் வழியும் சரி. மின்சாரம் திரும்பும் வழி மட்டும்தான் பாக்கி.

திரும்பும் வயர்கள் எல்லாம் இஞ்சின் மேல் ஒரே போல்ட்டில் சேர்கின்றன. அதுதான் எர்த். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். வண்டி சும்மா இருக்கும்போது இணைப்பு சரி என்றே காட்டியது. அப்படியே விட்டிருப்பேன். ஏனோ மீட்டரை எடுக்காமல், வோல்ட் காட்டும்படி மாற்றி, இன்னொரு தரம் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

"எத்தினி வாட்டி திருப்புறது? வண்டி கெளம்புறதுக்குள்ள என் கை கழண்டு வந்துரும் போல கீது," என்றாள். ஆனாலும் திருப்பினாள்.

பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் வோல்ட் ஏறியது. சுமை இல்லாதபோது நல்லபடியாகக் காட்டிய இணைப்பு, சுமை வந்ததும் கைவிட்டது. போல்ட்டைக் கழற்றினேன். அடியில் சிவப்பு.

மனைவி இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "இது நம்ம வூட்டு கேட்டுக்கு அடிச்சது தானே?" என்றாள்.

எங்கள் பக்கம் மழைக்கு முன்னால் கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம் என்று இரும்பாக எது இருந்தாலும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்துவிடுவோம். அடிக்காவிட்டால் கடற்காற்று தின்றுவிடும். பாய் வேலை முடித்துக் கொடுத்த அதே வாரம், கேட்டுக்கு அடித்ததுபோக டப்பாவில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அந்தப் போல்ட்டைச் சுற்றித் துரு தெரிந்தது. கழற்றி, அடிவரை பூசி, ஈரத்தோடு முறுக்கினேன். பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும் என்று தெரியாதவன் அல்ல நான். கைப்பழக்கத்தில் பூசியது. போல்ட்டின் மரை கொஞ்ச நாள் தாக்குப் பிடித்திருக்கிறது. துரு ஏற ஏற அதுவும் விட்டிருக்கிறது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆனதும் முறுக்கினேன். இரண்டாம் திருப்பலில் வண்டி பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தேன். உள்ளே பொடிப்பொடியாக, ஓயாமல், கொஞ்சமும் தப்பாமல் டிக் டிக் என்று ஓடியது. அவ்வளவு நுணுக்கமான வேலையை ஒரு பிரஷ்ஷால் நிறுத்திவிட்டு, பழியை இன்னொருவர் மேல் போட்டிருக்கிறேன்.

பாயின் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் வேலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா சார் ஆவப்போது? எங்க சொன்னியோ அங்க போய் சொல்லு."

மறுநாள் காலை, கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து டீக்கடையில் சொன்னேன். பாய் வேலையில் தப்பில்லை, நான்தான் எர்த்தில் பெயின்ட் அடித்தேன் என்றேன். "கேட்டுன்னு நெனச்சிட்டியா நைனா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

வேன்காரர்களில் ஒருவர் அந்த வாரமே பாயிடம் திரும்பிப் போனார். மற்றவர் வேறு கடையில் பழகிவிட்டதாகச் சொல்கிறார். அவரை வழியில் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து சொல்கிறேன்.