அப்பாவுக்கு மட்டும் கிளம்பிய வண்டி

சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஒரு மலையாளி முதலாளிக்கு அப்பா டிரைவர். முதலாளியின் பழைய ஸ்டேஷன் வேகன் வேறு யார் கைக்கும் கிளம்பாது. அப்பா பானெட்டைத் திறந்து வெகுநேரம் மல்லாடினால்தான் உறுமும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான், அதுவும் எஞ்சினியரிங். அப்பாவின் பாடு குறையட்டும் என்று முதலாளியிடம் நானே கேட்டு வாங்கி, வண்டியைப் புதுப்பித்து, புது டீசல் எஞ்சினைப் பொருத்தினேன்.

பூஜையன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு அப்பா ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார். பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"கொள்ளாமே, ஜோராயிருக்கு! இனி என் மோன் ஓட்டிக்குவான். ஆறுமுகம், நீ இறங்கு. நாளைலேருந்து வர வேண்டாம், கேட்டோ," என்றார் முதலாளி.

"முதலாளி, அப்பாவோட வேலை..." என்றேன்.

"அதை இல்லாமப் பண்ணினது நீதானேடா? படிச்ச பையனல்லே!"

கூட்டம் சிரித்தது. அப்பா இறங்கி, முதலாளியின் மகனுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கையில், "எஞ்சினைக் கொஞ்சம் மோசமா வச்சிருக்கக் கூடாதாலே?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அந்தப் பழைய எஞ்சினின் முரண்டுதான் அத்தனை வருடமும் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதைத்தான் நான் அக்கறையாகக் கழற்றிப் போட்டேன்.