என் வலது கால் சொன்ன பொய்

என் மைத்துனன் எத்திராஜ் காரைக் கொண்டுபோய் இடித்தது அவன் தவறால் அல்ல. என் தவறால். இது எனக்குத் தெரியும். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

சொல்லிவிட்டேன்! அதுவும் உங்களிடம்... உங்களுக்கு எத்திராஜைத் தெரியாது என்ற தைரியத்தில்.

எத்திராஜ் என் மனைவியின் தம்பி. துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன். நானோ நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறவன். நான் கார் ஓட்டுவதையும் குடும்பத்தார் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருந்தார்கள்.

என் பழைய காரின் பிரேக் பெடல் சில நாள் பஞ்சாக உள்ளே போகும். எப்போதும் அல்ல, அதற்கு மனம் வந்தால். பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்த்தேன், குறையவில்லை. சக்கரங்களுக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன், கசிவில்லை. ஆகவே நோயே இல்லை என்று முடிவுகட்டினேன். புத்தகத்தைப் பிரிக்காமலே மதிப்புரை எழுதியவனுக்கு இது பெரிய காரியமா! சட்டென்று இரண்டு முறை மிதித்தால் பெடல் கெட்டியாகிவிடும். நாளடைவில் என் காலே அதைப் பழகிக்கொண்டது.

ஒரு ஞாயிறு விடிகாலையில் எத்திராஜ் கார் கேட்டு வந்தான். தன் மனைவி கலாவை நெட்டுக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டுமாம்.

"பிரேக்கு எப்டி கீது மாமா?"

"ஜம்முனு இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால், "இந்த வண்டிலயா எங்க அக்காவ இட்டுகினு சுத்தற?" என்று தெருவே கேட்கக் கத்துவான். அந்த ஒரு ஏச்சுக்குப் பயந்து... ஒரே ஓர் ஏச்சுக்கு!

டீ ஆறுவதற்குள் போன் வந்தது. ஓடினேன். திருவொற்றியூரைத் தாண்டி, சாலையோரம் நின்றிருந்த ஒரு டிரெய்லரின் பின்புறத்தில் என் கார் முகத்தைப் புதைத்திருந்தது. கடைப்படியில் கலா உட்கார்ந்திருந்தாள். காறை எலும்பு முறிந்து, அவள் கை யாருடையதோபோலத் தொங்கியது. அவள் அழவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"பெடலு அடி வரிக்கும் பூட்ச்சு மாமா... சத்தியமா. புடிக்கவே இல்ல" என்றான் எத்திராஜ்.

"ஓனர் யாருப்பா? மிதிச்சிக் காட்டு" என்றார் போலீஸ்காரர்.

உட்கார்ந்தேன். மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது!

"நல்லாத்தான கீது!" என்றார் எட்டிப் பார்த்த ஒருவர். "டிரெய்லர் ஓட்றவன்னு பேரு... பதட்டத்துல ஆக்சிலேட்டர மிதிச்சுக்கீற நைனா!"

கூட்டம் சிரித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் மிதித்தது ஒரு முறை அல்ல. தட்-தட். இரண்டு! என்னைக் கேட்காமலே என் கால் சாட்சி சொல்லிவிட்டது.

எத்திராஜ் டிரெய்லரின் காற்று பிரேக்கில் ஊறியவன். அதில் தட்டித் தட்டி மிதித்தால் காற்று தீர்ந்துவிடும். ஒரே மிதியாக அழுத்திப் பிடிப்பதுதான் அவர்கள் வழக்கம். அப்படித்தான் பிடித்திருக்கிறான்... பெடல் இறங்கிக்கொண்டே போயிருக்கிறது.

சொல்ல வாயைத் திறந்தேன். எத்திராஜ் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல. வாயை மூடிக்கொண்டேன். வார்த்தைகளை விற்றுப் பிழைப்பவனுக்கு அன்று ஒரு வாக்கியம் கிடைக்கவில்லையா? கிடைத்தது. அதை விழுங்கினேன்!

காரை மாதவரத்தில், என்னை யாரும் அறியாத ஒரு பட்டறையில் விட்டேன்.

"தட்டாத சார். அழுத்திப் புடிச்சிகினே இரு... எறங்குது பாத்தியா? மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் தேஞ்சு பூட்ச்சு. ஆயிலு உள்ளுக்குள்ளயே திரும்பிக்குது, அதான் வெளிய கசியல. ஆயில் மாத்தவே மாட்டியா? டிக்காஷன் கணக்கா கீது!" என்றார் மெக்கானிக்.

அங்கே வாங்கிய ஏச்சு எனக்கு வலிக்கவே இல்லை. ரப்பரையும் ஆயிலையும் மாற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்துக் கொடுத்தார்கள். இப்போது ஒரே மிதியில் நிற்கிறது.

எத்திராஜ் அதன்பின் டிரெய்லரில் ஏறவில்லை. முதலாளி ஆள் விட்டும் போகவில்லை. "காலு மேல நம்பிக்க பூட்ச்சு மாமா" என்கிறான். கண்டெய்னர் யார்டில் கேட்டைத் திறந்து மூடுகிறான். கூட ஓட்டியவர்கள் உள்ளே போகும்போது அவனைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள்... அன்பாகத்தான்.

போன வாரம் ராயபுரத்தில் ஒரு கல்யாணம். சாவியை அவனிடம் நீட்டினேன். பரிகாரமாம்! அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நீயே ஓட்டு மாமா. நீ ஓட்னாதான் கலா பயப்படாம வரும்."

ஓட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. என் கால் நகர்வதற்கு முன்பே அவன் வலது கால் எதிரே இருந்த வெறும் தரையை அழுத்தியது. பதறாமல், விடாமல், ஒரே மிதி. வண்டி நின்ற பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு நான் கவனிப்பதைப் பார்த்து, அந்தக் காலை மெல்ல இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"நல்லா ஓட்டறீங்கண்ணா" என்றாள் பின்னாலிருந்து கலா.

நான் கியரை மாற்றினேன்.