ஓடாத நண்டுகள்

தீர்த்தம்மாள் கும்பிடாத சாமி இல்லை. முதல் பிள்ளை வயிற்றிலேயே கரைந்துபோனது. இரண்டாவது பிறந்தும் அழவில்லை. பிள்ளை தங்காதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு, வெகு காலம் கழித்து ஒரு பெண் பிறந்து வாய்விட்டு அழுதபோது, அந்த அழுகையைவிடப் பெரிதாக அழுதவள் தாய்தான். செல்லி என்று பெயர் வைத்தார்கள்.

தொப்பூர் கணவாய்க்குக் கீழே ஓடைக்கரையில் வீடு. ஓடையில் நண்டு பிடித்து, சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. கல்லுக்கடியில் கையை விட்டால் நண்டு சும்மா வருமா? கடித்துவிட்டுத்தான் வரும். அவள் விரல்களில் தழும்பில்லாத இடம் கிடையாது.

செல்லி பிறந்த வருஷம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பேட்டரி பட்டறை வந்தது. செத்துப்போன லாரி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருக்கிப் பாளமாக்கி அனுப்பும் இடம். கூலிக்கு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த அவள் கணவன் சென்றாயனுக்கு அங்கே நிரந்தர வேலை கிடைத்தது. உடைத்த பேட்டரியைக் கழுவிய தண்ணீரும் உலைச் சாம்பலும் வாய்க்கால் வழியாக ஓடையின் மடுவில் வந்து விழும். தள்ளிவிடுகிறவன் சென்றாயன்தான்.

செல்லிக்கு மூன்று வயது நடந்தபோது, அந்த மடுவில் ஓர் அதிசயத்தைக் கண்டாள் தீர்த்தம்மாள். அங்கிருந்த நண்டுகள் ஓடவில்லை! கையை நீட்டினால் கொடுக்கைத் தூக்கக்கூட யோசித்தன. கீரை பறிப்பதுபோல் பறித்துக் கூடையில் போட்டாள்.

"என்னக்கா, மந்திரம் கிந்திரம் போட்டியா? உன்னைப் பாத்தா நண்டே மடியில வந்து உக்காருது!" என்றாள் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள்.

"முனியப்பன் கண்ணத் தொறந்துட்டாருடி. எத்தினி வருசம் கடி வாங்கியிருப்பேன்!"

குழந்தைக்குச் சளி பிடித்தால் நண்டு ரசம் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். உயிர் நண்டை ஓட்டோடு இடித்து, சாறு பிழிந்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைப்பார்கள். கடைக்காரர்களுக்குச் சிறிசைக் கொடுத்துவிட்டு, மடுவில் கிடைத்த கொழுத்ததையெல்லாம் மகளுக்கென்று எடுத்து வைத்தாள் அந்தத் தாய். பிள்ளை தங்காதவளுக்குத் தங்கிய பிள்ளையல்லவா?

செல்லி வெளுத்தாள். வயிறு வலிக்கிறதென்று சுருண்டாள். தாய் இன்னும் கொஞ்சம் நண்டு இடித்தாள். செல்லி வாந்தியெடுத்தாள், நடக்கையில் தடுமாறினாள். உடம்பில் சத்தில்லை என்று தாய் இன்னும் இரண்டு நண்டு சேர்த்து இடித்தாள். லாரி ஓட்டுநர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்பிழுத்த குழந்தை, ஐந்து வயதில் தன் பெயரைச் சொல்லவே திணறியது. பிறகு அதையும் விட்டுவிட்டது.

எண்பத்தாறாம் வருஷக் கோடையில் சேலம் கல்லூரியிலிருந்து சலாவுதீன் என்ற பேராசிரியர் வந்தார். ஓடைச் சேற்றையும் கோரை வேரையும் அள்ளிப் புட்டிகளில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"நண்டு வேணுங்களா சார்? இந்த மடுவுல பாருங்க, ஓடவே ஓடாது," என்று பெருமையோடு எடுத்துக் காட்டினாள்.

அவர் அதை வாங்கித் தரையில் விட்டார். அது நகரவில்லை. "இதையா சாப்பிடறீங்க?"

"கடைக்குக் குடுப்பேனுங்க. நல்லதெல்லாம் எம் பொண்ணுக்கு."

அவர் முகம் மாறியது. வீட்டுக்கு வந்து செல்லியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறோரம் மை தீட்டியதுபோல் ஒரு நீலக் கோடு ஓடியது. தாயையும் மகளையும் அவரே சேலத்துக்கு அழைத்துப்போய், தெரிந்த டாக்டரிடம் காட்டினார். ரத்தம் எடுத்தார்கள். சேறு, வேர், நண்டு எல்லாவற்றின் சோதனை முடிவும் சேர்ந்து வந்தபோது, அவரே நேரில் வந்து சொன்னார்.

"தண்ணி ஓடிரும்மா. ஈயம் ஓடாது, சேத்துல தங்கிரும். சேத்துலேர்ந்து கோரைக்கு ஏறும். சேத்தையும் கோரையையும் தின்ற நண்டுக்குள்ள சேந்துக்கிட்டே இருக்கும். அதான் நண்டு மந்தமாச்சு. உங்க வீட்டுக்காரர் சட்டையில வர்ற தூசியும் குழந்தைக்குப் போயிருக்கு."

"மருந்து குடுத்தா எம் பொண்ணு பேசுவாளா சார்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே ஏறாம பாத்துக்கலாம்னு டாக்டர் சொல்றார். போனது திரும்பி வராதும்மா."

ஐயோ! நண்டு இடித்த அந்த உரலை அவள் எத்தனை ஆசையோடு கழுவி வைத்திருந்தாள்!

சென்றாயன் முதலாளியிடம் போய் நின்றான். "பேட்டரித் தண்ணி ஓடைக்குப் போவாம உன் வூட்டுக்கா போவும்? புடிக்கலைன்னா கணக்க முடிச்சுக்கோ," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "கழுவி வுட்டது நானு. இடிச்சு ஊட்டுனது நீயி. யார யாரு திட்டறது?" என்றான். மறுநாள் அதே சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். வேறெங்கே போவான்?

அவள் ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடைக்காரர்கள் வாயை மூடச் சொன்னார்கள். பெண்கள் சிரித்தார்கள்.

ஒரு காலை, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடுவில் இறங்கியிருந்தாள் குள்ளம்மாள். கூடையில் நாலைந்து நண்டு.

"வாண்டாண்டி! கொட்டிரு!" என்று கரையிலிருந்து கத்தினாள் தீர்த்தம்மாள்.

"எம் புள்ளைக்கு நெஞ்சு கரகரங்குதுக்கா. நண்டு விசம்னா எங்க பாட்டன் பூட்டனெல்லாம் எப்பவோ செத்திருக்கணுமே! மடுவை நீயே வச்சுக்கலாம்னு பாக்கறியா?"

தீர்த்தம்மாள் வீட்டுக்கு ஓடினாள். செல்லியைத் தூக்கிவந்து குள்ளம்மாளுக்கு எதிரில் நிறுத்தினாள்.

"இவ எப்படிப் பேசுவான்னு உனக்குத் தெரியுமில்ல? அத்தை அத்தைன்னு உன் முந்தானையப் புடிச்சுத் திரிஞ்சவதானே? கண்ணு, அத்தையக் கூப்புடு. ஒருக்கா கூப்புடு, எஞ்சாமி!"

செல்லி அத்தையைப் பார்க்கவில்லை. அவள் பார்வை கூடையில் நின்றது. எதையோ அடையாளம் கண்டுகொண்டதுபோல் முகம் மலர்ந்தது. ஊட்டிவிடு என்பதுபோல் மெல்ல வாயைத் திறந்தாள்.

குள்ளம்மாள் கூடையைக் கரையில் கவிழ்த்துவிட்டுத் தன் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

தீர்த்தம்மாள் மகளின் திறந்த வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். செல்லி அந்தக் கையை விலக்க முடியாமல், கரையில் கிடந்த நண்டுகளுக்காகக் கேவிக் கேவி அழுதாள்.