இறங்கிய கை

கைக்கு என்ன அர்த்தம் என்று தேயிலைத் தோட்டத்தில் எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும்போது, கங்காணி கையை நீட்டிய பக்கம் போக வேண்டும். கையைக் கீழே போட்டுவிட்டால் பெரட்டு முடிந்தது. பிந்தி வந்தவளுக்கு அன்று வேலை இல்லை. அழுதாலும் அந்தக் கை மறுபடி எழும்பாது.

பதுளைக்கு ரயில் வந்த புதிதில் எங்கள் மலைக்குக் கீழே ஒரு கம்பம் நட்டார்கள். உச்சியில் கை மாதிரி ஒரு சிவப்புப் பலகை. சில நேரம் நீட்டியிருக்கும், சில நேரம் தொங்கும். கைகாட்டி என்றார்கள். என்ன காட்டுகிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறார்கள்? நாங்கள் என்ன ரயிலா ஓட்டப்போகிறோம்!

என் அக்கா மடுல்சீமையில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். புருஷன் பிள்ளைகளோடு அவள் ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறாள், திங்கட்கிழமை பதுளையில் ரயில் ஏறுகிறாள் என்று ஒரு வண்டிக்காரர் சேதி சொன்னார். எங்கள் ஸ்டேஷனிலும் ரயில் கொஞ்சம் நிற்கும். ஜன்னலில் அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

வயிற்றுவலி என்று கங்காணியிடம் பொய் சொல்லிவிட்டு, அவர்களுக்கு வழிக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாதி மலையில் பார்த்தேன், கை நீட்டியிருந்தது. அப்பாடா, இன்னும் நேரம் இருக்கிறது என்று ஓடினேன். தண்டவாளத்துக்குக் கிட்ட வரவும் கை தடக்கென்று கீழே விழவும் சரியாக இருந்தது.

ரயில் போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். யாரையாவது கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. பெரட்டுக்களத்தில் நாங்கள் யாரைக் கேட்டிருக்கிறோம்? வாய்விட்டு அழுதுகொண்டே மலை ஏறினேன்.

மேலே பாதை திரும்பும் இடத்துக்கு வந்தபோது கீழே ரயில் கூவியது. திடுக்கிட்டுத் திரும்பினேன். ஒரு ஜன்னலில் அக்கா தோள்வரை கையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். என்னவோ கத்தினாள், காதில் விழவில்லை. அவள்தான் என்று நான் தெரிந்துகொள்வதற்குள் ரயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. விழுந்து எழும்பி ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் நின்று கிளம்பிப் போயிருந்தது, புகைதான் மிச்சம்.

தண்டவாள வேலை செய்யும் ஒருவர் அங்கே இருந்தார்.

"கை எறங்கிருச்சேன்னு திரும்பிட்டேன் அண்ணே."

"அடப் பாவமே! கை எறங்கினாத்தான் தங்கச்சி ரயிலு வரும். நீட்டியிருந்தா நில்லுன்னு அர்த்தம்."

ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து நானே தின்றேன். அதன் பிறகு என்னை உரிமையோடு வாடி என்று கூப்பிட இந்த மலையில் ஒருவரும் இல்லை. அக்காவும் நில்லு என்றுதான் கையை நீட்டியிருப்பாள். அவளுக்குக் கைகாட்டியின் கதை தெரியாது. ரயில் வரும் நேரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு மலையேறிய தங்கச்சியைத்தான் அவள் கண்டாள்.